சேகரனைப் பெற்றவள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தோராம் வருடம் பெரியநாயகிக்கு நாற்பத்திரண்டு வயது. மலாக்காவை அடுத்த புலாவ் செபாங் என்ற ஊரிலிருந்து மூன்று மைல் உள்ளே, தமிழர்கள் ஆற்றங்கரைத் தோட்டம் என்று அழைத்த ரப்பர் தோட்டத்தில் அவள் ஆயாவாக இருந்தாள். பால்மரம் வெட்டிப் பாலெடுக்கப் போகும் பெண்கள் காலையில் தங்கள் கைக்குழந்தைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுப் போவார்கள். பதினாறு தொட்டில்கள். எந்தத் தொட்டிலில் அழுகை கேட்டாலும் திரும்பிப் பார்க்காமலே அது யார் வீட்டுப் பிள்ளை, பசியா எறும்பா என்று சொல்லிவிடுவாள்.

புருஷனை ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போடக் கொண்டு போனான், அவன் திரும்பவில்லை. மிஞ்சியது ஒரே மகன், சேகரன். பத்தொன்பது வயதில் அவன் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் வேலையில் சேர்ந்தான். வெள்ளைக்காரன் அவசரகாலம் அறிவித்திருந்த சமயம் அது. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், ரோட்டில் ராணுவ லாரிகள், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தைச் சுற்றிப் புதிதாக முள்கம்பி வேலி. அந்த வேலியின் வாசலில் காக்கிச் சட்டையும் துப்பாக்கியுமாக நிற்கும் மகனைப் பார்க்கும்போதெல்லாம், இவன் சம்பளத்தில் இனி உட்கார்ந்து சாப்பிடலாம் என்று நினைத்துக்கொள்வாள். ஆனால் உட்கார்ந்தவள் இல்லை.

அந்த வருடம்தான் சாப்பாட்டுக் கட்டுப்பாடு வந்தது. காட்டிலிருப்பவர்களுக்குப் போய்ச் சேரும் என்று அரிசி, சீனி, டின் சாமான் எதுவும் வேலியைத் தாண்டக் கூடாது. கடையில் மீன் டின் வாங்கினால் கடைக்காரர் அதில் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார், பதுக்கி வைக்க முடியாதபடி. போலீஸ் கேண்டீனில் வாங்கும் டின்னுக்கு மட்டும் ஓட்டை இல்லை. சேகரன் மாதம் மூன்று டின் கொண்டுவருவான். பெரியநாயகி அவற்றைக் கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டியில் வைப்பாள்.

ஒரு நாள் காலை வாசலில் சோதனை போட்டபோது, வீரப்பன் என்ற பால்மரக்காரன் கொண்டுபோன காப்பியில் சீனி இருக்கிறது என்று சேகரன் பாட்டிலைப் பிடுங்கி மண்ணில் ஊற்றினான். வீரப்பனுக்கு இருபத்தேழு வயது, கோபக்காரன் என்று பெயர் வாங்காதவன். அன்றைக்கு என்னவோ, ஓங்கி ஒரு அறை விட்டான். வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டில் நின்ற நூறு பேரும் பார்த்தார்கள், சிலர் சிரித்தார்கள். சேகரன் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. பெரியநாயகி ஒன்றும் கேட்கவில்லை. வயசுப் பையன், இரண்டு நாளில் ஆறிப்போகும் என்று விட்டுவிட்டாள். இதை அவள் பிற்பாடு பலமுறை நினைத்துக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து, ஐப்பசி மாதம், மாலை ஏழு மணி ஊரடங்குக்குச் சற்று முன்னால் வாசலில் ஒரு வெடிச் சத்தம் கேட்டது. பெரியநாயகி அப்போது குழாயடியில் இருந்தாள். பஞ்சரான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு புலாவ் செபாங்கிலிருந்து வந்த வீரப்பன் செத்துக் கிடந்தான். கூட நின்ற காவலாள் சாப்பிடப் போயிருந்ததால் வாசலில் சேகரன் ஒருவன்தான். மூன்று தரம் நிற்கச் சொன்னேன், ஓடினான், சுட்டேன் என்றான். சைக்கிள் கூடையில் இரண்டு மீன் டின் இருந்தன. காட்டுக்காரனுக்குச் சாப்பாடு கடத்தியவன் என்று எழுதிக்கொண்டார்கள். மறுநாள் வெள்ளைக்கார அதிகாரி வந்து சேகரனின் கையைக் குலுக்கினார்.

வீரப்பனின் மனைவி கோமளாவை விசாரிக்கக் கொண்டுபோய் உள்ளே வைத்தார்கள். அவளுக்கு எட்டு மாதத்தில் ஒரு பெண் குழந்தை, மீனம்மா. வேறு யாரும் இல்லாததால் குழந்தை இரவும் பகலும் ஆயாவிடமே இருந்தது. புட்டிப்பால் பழகாத பிள்ளை. பெரியநாயகி பாலைத் துணியில் நனைத்து அதன் வாயில் வைத்துப் பார்த்தாள். அது துப்பிவிட்டு அழுதது.

மூன்றாம் நாள் கொட்டகைக்கு வந்த ஒரு பெண், பேச்சோடு பேச்சாக, வீரப்பன் கூடையில் இருந்த டின்களில் ஓட்டையே இல்லையாம், அப்படியென்றால் காட்டுக்காரனோடு எவ்வளவு பழக்கம் பார் என்றாள். பெரியநாயகி வீட்டுக்குப் போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியை இழுத்தாள். மூன்று டின் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று இருந்தது.

அவள் உடனே எதுவும் செய்துவிடவில்லை. இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தாள். மிச்சமிருந்த அந்த ஒரு டின்னையும் ஆற்றில் எறிந்துவிட்டால் என்ன என்றுகூட யோசித்தாள். செத்தவன் செத்துவிட்டான், இனி இருக்கிறவனைத் தொலைப்பானேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அதற்குள் பால் இறங்காமல் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. கோமளாவை வேறு மாநிலத்துத் தடுப்பு முகாமுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சொன்னார். கோமளா போனால் அந்தப் பிள்ளை என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் மத்தியானம் சேகரன் சாப்பிட வந்தபோது, சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"டின்னு ரெண்டு கொறையுதுடா."

சேகரன் பிசைந்துகொண்டே, எலி இழுத்திருக்கும் என்றான். பிறகு அவனுக்கே அது கேட்கச் சகிக்கவில்லை போலும். கையைத் தட்டிலேயே வைத்துவிட்டான். வீரப்பன் வாசலில் மறுபடியும் என்னைக் கேலி செய்தான், அந்த வேகத்தில் சுட்டுவிட்டேன், பயத்தில் வீட்டுக்கு ஓடிவந்து டின்னை எடுத்தேன் என்று சொன்னான்.

"யாருக்கும் தெரியாதும்மா. நீ சொல்லாம இருந்தா போதும்லா."

"நான் சொல்ல மாட்டேன்," என்றாள் பெரியநாயகி. "நீதான் சொல்லணும். அந்தப் பொண்ண உள்ள வச்சிருக்காங்க. அது புள்ள என் மடியில கெடந்து சாவுது."

"தூக்குல போட்ருவாங்கம்மா."

"போட்டா, கடைசி வரைக்கும் வெளியில நான் நிப்பேன். ஒன்ன விட்டுட்டு எங்கயும் போவ மாட்டேன். ஆனா இத வச்சுக்கிட்டு ஒனக்கு என்னால சோறு போட முடியாது."

அன்று பிற்பகலே இருவரும் புலாவ் செபாங் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். ரயில் தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில் சேகரன் கால் வராமல் உட்கார்ந்துவிட்டான். தாயும் பக்கத்தில் உட்கார்ந்தாள். எழுந்திரு என்று சொல்லவில்லை. தனக்கும் பயமாகத்தான் இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். ஒரு சரக்கு வண்டி போயிற்று. இன்னும் அரைமணி நேரம் போல உட்கார்ந்திருந்துவிட்டு அவனாகவே எழுந்து நடந்தான்.

ஸ்டேஷனில் சேகரன் குற்றத்தை ஒப்புக்கொண்டதும் கோமளாவை விட்டுவிட்டார்கள். கொட்டகை வாசலில் குழந்தையை வாங்கிக்கொண்டபோது அவள் பெரியநாயகியின் முகத்தைப் பார்க்காமலே பேசினாள்.

"ஒம் புள்ளைய நீயே கொண்டுபோய் விட்டியாம். எல்லாரும் பெருசா சொல்றாங்க. அதுக்காக நான் ஒன்னக் கும்புடணுமா?"

"வேணாம் தாயி," என்றாள் பெரியநாயகி.

ஆனால் எல்லாரும் அப்படிப் பெருசாகச் சொல்லவில்லை. கொலைகாரனைப் பெற்றவள் என்றார்கள் பாதிப் பேர். பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுத்தவள் என்றார்கள் மீதிப் பேர். இரண்டு கட்சிக்காரர்களும் ஒன்றாகப் போய், இனி அவள் எங்கள் பிள்ளைகளைத் தொடக் கூடாது என்று மானேஜரிடம் சொன்னார்கள். ஆயா வேலை போயிற்று. புல்வெட்டும் கூட்டத்தில் சேர்த்தார்கள். இரண்டு மாதம் தாங்கினாள். பிறகு புலாவ் செபாங்கில் ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவும் வேலைக்குப் போய், கடைக்குப் பின்னால் ஒரு சிறிய அறையில் தங்கினாள்.

வழக்கு மலாக்காவில் நடந்தது. சேகரனுக்காக வாதாட நீதிமன்றமே நவரட்ணம் என்ற யாழ்ப்பாணத்து வக்கீலை ஏற்படுத்திக் கொடுத்தது. நல்ல மனிதர். சாட்சி சொல்லப் போகுமுன் பெரியநாயகியைத் தனியே கூப்பிட்டார்.

"அம்மா, நீங்கள் கூட்டிக்கொண்டு போனதெண்டு சொல்ல வேண்டாம். மகன் தானாய்ப் போனவன் எண்டு சொன்னால் அவனுக்கு நல்லது."

கூண்டில் ஏறியதும் அரசாங்க வக்கீல் அதைத்தான் கேட்டார். "போவோம்னு சொன்னது நான். மூணு மைலு நடந்தது அவன் காலு," என்றாள் அவள். நீ சொல்லியிராவிட்டால் வந்திருப்பானா என்று கேட்டதற்கு, தெரியாதுங்க என்றாள். நவரட்ணம் தலையைக் குனிந்துகொண்டார்.

வீரப்பன் அன்று மறுபடி அவமானப்படுத்தியதால் ஆத்திரத்தில் நடந்தது, முன்கூட்டித் திட்டமிட்டதல்ல என்று தீர்ப்பானது. தூக்கு இல்லை. பத்து வருடம் என்றார்கள். பெரியநாயகி நீதிமன்றப் படியில் உட்கார்ந்து, அதுவரை அழாததற்கெல்லாம் சேர்த்து அழுதாள். அதே படியில் கோமளா குழந்தையோடு இறங்கிப் போனாள்.

சேகரனைத் தைப்பிங் சிறைக்கு அனுப்பினார்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பெரியநாயகி ரயிலேறுவாள். அந்த நாட்களில் ரயிலுக்கு முன்னால் காவல் வண்டி ஒன்று ஓடும். தண்டவாளத்தைக் காட்டுக்காரர்கள் பெயர்த்திருந்தால் வழியில் அரை நாள் நிற்க வேண்டிவரும். போய்ச் சேர்ந்தால் கம்பிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் இவள், இருபது நிமிடம். கடையில் இன்று என்ன குழம்பு வைத்தார்கள், எந்தத் தெருவில் மழைத்தண்ணீர் ஏறியது என்று அவள் சொல்வாள். அவன் கேட்டுக்கொண்டிருப்பான்.

இரண்டாம் வருடம், இனி வராதே, என்னைப் பார்த்து உனக்கு என்ன கிடைக்கப் போகிறது என்றான். அடுத்த தடவை அவள் போனபோது வெளியே வர மறுத்துவிட்டான். பெரியநாயகி பார்வையாளர் பெஞ்சில் அந்த இருபது நிமிடமும் உட்கார்ந்துவிட்டு, வந்திருந்தேன் என்று சொல்லிவிடுங்கள் என்று காவலரிடம் சொல்லித் திரும்பினாள். அப்படி மூன்று தடவை. நான்காவது தடவை அவன் வந்தான். மெலிந்திருந்தான். உள்ளே தச்சுவேலை பழகுவதாகச் சொன்னான்.

நன்னடத்தைக்குக் கழித்தது போக, ஐம்பத்தெட்டாம் வருடம் ஐப்பசி பிறக்குமுன் விடுதலை செய்தார்கள். நாடு சுதந்திரம் வாங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. சேகரனுக்கு இருபத்தாறு வயது, காதோரம் நரை. புலாவ் செபாங்கிலேயே ஒரு மரப்பட்டறையில் வேலை கிடைத்தது. யார் கேட்டாலும் எங்கே இருந்தேன் என்பதை மறைக்கவில்லை.

வந்த இரண்டாம் நாளே, கோமளா காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றான். பெரியநாயகி தடுத்தாள். அவளுக்கு அது வேண்டுமா என்று தெரியாமல் போய் நிற்கக் கூடாது என்று, முதலில் தானே போனாள். கோமளா ஜாசினில் அண்ணன் வீட்டில் இருந்தாள். மீனம்மா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது. கோமளா வாசலிலேயே நிறுத்தி, காப்பி கொடுத்து, குடித்து முடிக்கும்வரை காத்திருந்து சொன்னாள்.

"அவன் என் கண்ணுல படக்கூடாது. அவரு செத்த தேதிக்கு வருசா வருசம் நான் தோட்டத்துக்கு வந்து சமாதில வெளக்கு ஏத்துவேன். புலாவ் செபாங்குலதான் பஸ் எறங்கணும். அன்னிக்கு ஒருநா அவன் அந்த ஊர்ல இருக்கக் கூடாது. வேற ஒன்னும் எனக்கு வேணாம்."

அந்த ஐப்பசியில், அந்தத் தேதியில், தாயும் மகனும் விடிந்ததும் முதல் பஸ்ஸில் மலாக்காவுக்குப் போனார்கள். போக வேறு இடம் இல்லை. கடலோரச் சுவரில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைச் சாப்பிட்டார்கள். கடல் உள்வாங்கிச் சேறாகக் கிடந்தது. மத்தியானத்துக்கு மேல் சேகரன் பேசினான்.

"கோர்ட்டுல நான் சொன்னது பொய்ம்மா. அவரு கேலி பண்ணல."

பெரியநாயகி திரும்பிப் பார்த்தாள்.

"சைக்கிளத் தள்ளிக்கிட்டு வந்தாரு. அன்னிக்குக் கை நீட்டினது தப்புதான் தம்பி, மனசுல வச்சுக்காதேன்னாரு. அவரு அப்படிச் சொன்னதும் எனக்கு இன்னும் வெக்கமாப் போச்சு. அறைஞ்சப்போகூட அவ்ளோ வெக்கம் இல்ல. துப்பாக்கி கையிலயே இருந்துச்சு."

அவள் சுவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஏழு வருடமாக, ஆத்திரத்தில் செய்துவிட்டான் என்று சொல்லிச் சொல்லித்தான் அவள் ரயிலேறியிருந்தாள். எழுந்து எங்காவது போய்விட வேண்டும் போல இருந்தது. சற்றுத் தூரம் நடக்கவும் செய்தாள். பிறகு திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள். மாலை பஸ்ஸில் அவன் தூங்கி அவள் தோளில் சாய்ந்தான். அவள் விலகவில்லை.

அடுத்த வாரம் அவள் மறுபடி ஜாசினுக்குப் போனாள். தன் புருஷன் வாயால் கெட்டான் என்றுதானே அந்தப் பெண் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருப்பாள் என்பது அவளை உறுத்தியது. போகிறேன் என்று சேகரனிடம் சொன்னபோது அவன், சொல்லிவிடு, இதற்காக மறுபடி உள்ளே போகச் சொன்னாலும் போகிறேன் என்றான்.

கோமளா நின்றபடியே கேட்டாள். வீரப்பன் கடைசியாகச் சொன்ன வார்த்தையை இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். சொன்னதும் நிலைப்படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அவரு அப்படித்தான்," என்றாள் பிறகு. "அடிச்ச அன்னிக்கே ராத்திரி பூரா பொலம்பினாரு, சின்னப் பையன அடிச்சிட்டேன்னு."

அந்தத் தடவை காப்பி உள்ளே உட்கார வைத்துக் கொடுத்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த மீனம்மா, இது யார் என்று கேட்டதற்கு, நீ கைப்பிள்ளையாக இருந்தபோது உன்னைப் பார்த்துக்கொண்ட ஆயா என்று மட்டும் கோமளா சொன்னாள். சேகரனைப் பற்றிச் சொன்ன சொல்லை அவள் மாற்றவில்லை, பெரியநாயகியும் கேட்கவில்லை.

அவசரகாலம் அறுபதாம் வருடம் முடிந்தது. தோட்டத்து வேலியைப் பிரித்தார்கள். ஐப்பசியில் அந்தத் தேதி வந்தால் தாயும் மகனும் மலாக்காவுக்கு முதல் பஸ் பிடிப்பது மட்டும் நிற்கவில்லை. கல்யாணமான பிறகு சேகரன் மனைவியையும் கூட்டிப் போனான். எதற்கு என்பதைப் பெண் பார்க்கப் போன அன்றே அவளிடம் சொல்லியிருந்தான்.