குனிய முடியாத போலீஸ்காரி

என் வலது முழங்கால் நாற்காலியில் உட்காருமளவுக்கு மடங்கும். அதற்கு மேல் மடங்காது. ஜோகுபாளையத்தில் எங்கள் தெருமுனையில் குழாய் பதிக்கத் தோண்டிவிட்டு அரைகுறையாக மூடிய மண்ணில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்தேன். எலும்பில் தகடு வைத்தார்கள். மாதக்கணக்கில் பிசியோதெரபிக்குப் போனேன். கடைசியில், "இவ்வளவுதான் மேடம். இனிமே இதோட பழகிக்குங்க" என்றார் டாக்டர்.

காலோடு பழகிக்கொண்டேன். அந்தக் காலை வைத்து மற்றவர்கள் காட்டிய அக்கறையோடுதான் பழக முடியவில்லை. நான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதே என்னைக் கேட்காமல் ஸ்கூட்டரை விற்றுவிட்டார் கணவர். அலுவலகத்தில், "நீங்க வீட்லேர்ந்தே வேலை பாருங்க" என்று அன்பாக ஒதுக்கி வைத்தார்கள். என் வேலை, போனில் வாடிக்கையாளர்களின் புகார் கேட்பது. நாள் முழுக்க தமிழிலும் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பேன். நான் செய்யாத தப்புக்கெல்லாம் "ஸாரி சார்" சொல்லிச் சொல்லி, வீட்டில் தண்ணீர் டம்ளர் கைதவறினாலும் டம்ளரிடம் ஸாரி சொல்லும் நிலைக்கு வந்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கணவர் என்னைச் சினிமாவுக்குக் கூட்டிப்போனார். அல்சூரிலிருந்து ஆட்டோவில் போகிற தூரத்தில் உள்ள ஒரு மால். படத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. "இங்கயே உட்காரு, எங்கயும் நடக்காத. நான் காபி வாங்கிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். எதிரே பிள்ளைகள் விளையாடும் கேம்ஸ் தளம். சத்தமும் வெளிச்சமுமாக இருந்தது. நடக்காதே என்று சொன்னதாலேயோ என்னவோ, கைத்தடியை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தேன்.

ஓரத்தில் அந்த மெஷின் நின்றது. பழைய மெஷின்தான். நீல நிறம், தலையில் போலீஸ் ஜீப்பில் சுழல்வது போன்ற சிவப்பு விளக்கு. பெரிய திரை. முன்னால் கனத்த ஒயரில் தொங்கும் இரண்டு துப்பாக்கிகள். ஒரு ஜோடி விளையாடிக்கொண்டிருந்தது. திரையில் வரும் ரவுடிகளைச் சுட வேண்டும். அவர்கள் சுடும்போது நாம் விலக வேண்டும், நிஜமாகவே. மெஷினின் மேல் விளிம்பில் இருக்கும் சென்சார் கண்கள் நம் உடம்பைப் பார்த்துக்கொண்டிருக்கும். நாம் குனிந்தால் திரையில் இருக்கும் போலீஸும் குனிவான். நாம் சாய்ந்தால் அவனும் காருக்குப் பின்னால் சாய்வான்.

அவர்கள் போனதும் நான் கவுன்டரில் பணம் கட்டி கேம் கார்டு வாங்கிவந்து மெஷினில் தேய்த்தேன். துப்பாக்கி நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. விசையை அழுத்தினால் உள்ளங்கையில் உதைத்தது. முதலில் வந்தவனைச் சுட்டேன். அடுத்து ஒரு கதவு திறந்தது. கையில் பையோடு ஒரு பெண் அலறிக்கொண்டு ஓடிவந்தாள். அவளையும் சுட்டுவிட்டேன். அப்பாவிகளைச் சுட்டால் நமக்குக் கொடுத்திருக்கும் உயிர்களில் ஒன்று போகும். அப்புறம் ஒரு ரவுடி சுட, திரை சிவந்தது. குனிய வேண்டும். குனிய முடியவில்லை. செத்துப்போனேன்.

அந்த மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் பெண் அருகில் வந்தாள். ஜீவனஹள்ளிக்காரி என்று பிறகு தெரிந்தது, முப்பது வயது இருக்கும். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல்தான் சொன்னாள்.

"அக்கா, இதுக்கு குனிஞ்சு நிமிரணும் கா. உங்களுக்கு ஆவாது. அந்தாண்ட உட்கார்ந்து பஸ் ஓட்டுற கேம் இருக்கு, நல்லா இருக்கும்."

"பஸ் ஓட்டுற வயசு எனக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு மறுபடி கார்டைத் தேய்த்தேன். மறுபடி செத்தேன். கணவர் இரண்டு காபியோடு என்னைத் தேடிக்கொண்டு ஓடிவந்தபோது மூன்றாவது முறை செத்துக்கொண்டிருந்தேன். படத்துக்கு நேரமாகிவிட்டது. படத்தில் என்ன நடந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. உட்கார்ந்தபடியே தோளை மட்டும் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமையும் போனேன். அதற்கடுத்ததும். கணவர் முதலில் சிரித்தார், பிறகு எரிச்சல்பட்டார்.

"நாப்பத்தஞ்சு வயசுல மால்ல நின்னு துப்பாக்கி சுட்டுக்கிட்டு இருந்தா பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"சுடத் தெரியலன்னு நினைப்பாங்க. அதுக்குத்தான் போறேன்."

"விழுந்தா?"

"விழுந்தா நான்தானே விழறேன்."

மெஷினின் கண்களுக்கு முழங்கால் தேவையில்லை என்று கண்டுபிடிக்கச் சில வாரங்கள் ஆயின. அவை தலையையும் தோளையும்தான் பார்க்கின்றன. இடதுகையில் தடியை ஊன்றி, வலதுகையில் துப்பாக்கியைப் பிடித்து, தடியின்மேல் இடுப்பிலிருந்து மொத்தமாகச் சாய்ந்தால் போதும். திரையில் இருப்பவன் கார்க்கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். பார்க்க அழகாக இருந்திருக்காது. ஆனால் முதல் கட்டம் முடிந்தது. பையோடு ஓடிவரும் அந்தப் பெண்ணை நான் சுடுவதில்லை. அரை நொடிக்குள் பார்த்து, சுடுவதா விடுவதா என்று நானே முடிவுசெய்கிறேன். போனில் அப்படியில்லை. அங்கே எதிரில் இருப்பவர் யாராக இருந்தாலும் நான் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும்.

பின்னால் கூட்டம் சேர ஆரம்பித்தது. கல்லூரிப் பையன்கள் போன் எடுத்துப் படம்பிடித்தார்கள். அதைப் பார்த்துத்தான் கேம்ஸ் தளத்தின் மேனேஜர் வந்திருக்க வேண்டும். டை கட்டியவர், என் வயதுதான் இருக்கும். கன்னடத்தில் மரியாதையாகவே பேசினார். கால் சரியில்லாதவர்கள் இதை ஆடக்கூடாது, விழுந்தால் எங்களுக்குத்தான் கெட்ட பெயர் என்றார்.

"எல்லி பரெதிதெ?" என்றேன். எங்கே எழுதியிருக்கிறது?

மெஷினின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த எச்சரிக்கையைக் காட்டினார். நின்று முழுக்கப் படித்தேன். இதய நோயாளிகள், கர்ப்பிணிகள், வலிப்பு உள்ளவர்கள். முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதைச் சொன்னேன். அப்படியானால் எது நடந்தாலும் என் பொறுப்பு என்று ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார்.

"இந்தப் பசங்க எல்லாரும் போடுவாங்களா?"

"அவங்களுக்கு எதுக்கு மேடம்?"

"அப்ப எனக்கும் எதுக்கு?"

ஒரு ஸாரி சொல்லி ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். தொண்டைவரை வந்த ஸாரியை அன்றைக்கு விழுங்கினேன். என் வாழ்க்கையில் நான் விழுங்கிய முதல் ஸாரி அதுவாகத்தான் இருக்கும். அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அவர் பயந்தது இரண்டு வாரத்தில் நடந்தது. கணவர் அன்றைக்கு என்னுடன் வந்திருந்தார். தூரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூன்றாம் கட்டத்துக்கு வந்திருந்தேன், துறைமுகக் கிடங்கு. இரண்டு பக்கமும் ஆட்கள். இடதுபக்கம் பலமாகச் சாய்ந்தேன். யாரோ குளிர்பானம் சிந்தியிருந்த இடத்தில் தடி வழுக்கியது. பக்கவாட்டில் பொத்தென்று விழுந்தேன். துப்பாக்கி ஒயரில் தொங்கி மெஷினில் மோதி ஆடியது.

எல்லோரும் ஓடிவந்தார்கள். கணவர் முதல் ஆளாக வந்து என் தோளுக்கடியில் கைகொடுக்கக் குனிந்தார்.

"தொடாதீங்க. யாரும் தொடாதீங்க" என்றேன்.

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அவரும் கேட்டிருக்க மாட்டார். கையை எடுத்துக்கொண்டார். எனக்கு எழத் தெரியும். பிசியோதெரபியில் இதைத்தான் முதலில் சொல்லித் தந்தார்கள். ஒருக்களித்துத் திரும்ப வேண்டும், நல்ல காலை மடக்கி ஊன்ற வேண்டும், பிடிக்க ஏதாவது வேண்டும். மெஷினின் விளிம்பைப் பிடித்தேன். இடுப்பு எரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. திரையில் என் போலீஸ்காரன் செத்து, தொடர விருப்பமா என்று கேட்டு எண் குறைந்துகொண்டே வந்தது. என் கார்டு எட்டாத தூரத்தில் கிடந்தது.

ஜீவனஹள்ளிக்காரி அதை எடுத்தாள். மேனேஜர் வருவதை அவள் பார்த்துவிட்டாள். இருந்தாலும் என்னிடம்தான் கேட்டாள்.

"போடட்டா கா?"

"போடு."

தேய்த்தாள். எண் நின்றது. ஒரு கையால் விளிம்பைப் பிடித்தபடியே துப்பாக்கியைப் பிடித்துத் தூக்கினேன். தடி இல்லாமல் ஒழுங்காகச் சாய முடியவில்லை. இரண்டு குண்டு வாங்கினேன். ஆனால் கிடங்கிலிருந்து வெளியே வந்துவிட்டேன். பையன்களில் ஒருவன் கைதட்டினான். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மேனேஜர் என் பின்னால் காத்திருந்தார். "நான் சொன்னேன் அல்லவா மேடம்" என்று கன்னடத்தில் ஆரம்பித்தார்.

"சொன்னீங்க. விழுந்தேன், எழுந்துட்டேன். கால் சரியில்லாததால விழல. உங்க தரையில ஜூஸ் கொட்டிக் கிடக்கு. அதைத் தொடைக்கச் சொல்லுங்க. அடுத்து ஒரு குழந்தை விழும்."

கணவருடன் ஆட்டோவில் வீட்டுக்கு வந்தேன். இறங்கும்போது, "வலிக்குதா?" என்றார். வலிக்கிறது என்றேன். "அடுத்த வாரம்?" என்றார். போவேன் என்றேன். இடுப்பில் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போய், அந்த வாரம் முழுக்க ஒருபக்கமாகவே படுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை மெஷினில் 'ரிப்பேர்' என்று அட்டை தொங்கியது. ஆனால் திரை ஓடிக்கொண்டிருந்தது, தலையில் விளக்கும் சுழன்றது. ஜீவனஹள்ளிக்காரி பக்கத்து மெஷினைத் துடைப்பதுபோல வந்து, "ஒண்ணும் ஆவல கா, நல்லாத்தான் கீது" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

நான் அந்த மெஷினுக்கு முன்னால் தடியை ஊன்றி நின்றேன். கணவர் போகலாம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் எங்கிருந்தோ ஒரு முக்காலியைத் தூக்கிவந்து பக்கத்தில் போட்டார். நான் உட்காரவில்லை. அவரே உட்கார்ந்துகொண்டார்.

விளையாட வந்தவர்கள் அட்டையைப் பார்த்து, "ரிப்பேரா?" என்று என்னைக் கேட்டார்கள். உண்மையைச் சொன்னேன். "மெஷின் நல்லா இருக்கு. நான் ஆடக்கூடாதுன்னு மாட்டியிருக்காங்க." ஒரு அப்பா மகளை இழுத்துக்கொண்டு அவசரமாகப் போனார். இன்னொரு அம்மா மேனேஜரைத் தேடிப் போனாள். பழைய கல்லூரிப் பையன்கள் வந்தார்கள். அவர்களும் போனார்கள் மேனேஜரிடம். எத்தனை பேருக்குத்தான் அவர் பதில் சொல்வார். சாயங்காலம் ஆவதற்குள் அவரே வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், அட்டையைக் கழற்றிக்கொண்டு போனார். ஜெயித்த சந்தோஷமெல்லாம் எனக்கு இல்லை. நின்று நின்று கால் கட்டையாகிப் போயிருந்தது. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு நேரம் நிற்கவைத்தார்களே என்ற கோபம்தான் இருந்தது.

கார்டைத் தேய்த்தேன். கணவர் முக்காலியிலிருந்து எழுந்து வந்து இன்னொரு துப்பாக்கியை எடுத்தார். எப்படிச் சுடுவது என்று கேட்டார். சொன்னேன். கதவு திறந்ததும் பையோடு ஓடிவந்த பெண்ணைச் சுட்டார்.

"அவங்க பாவம், எதுக்குச் சுட்டீங்க?"

"ஸாரி" என்றார்.

"ஸாரி வேணாம். அடுத்த தடவை பார்த்துச் சுடுங்க."

அவர் ஒழுங்காகக் குனிந்தார், நிமிர்ந்தார், ஆனாலும் என்னைவிடச் சீக்கிரம் செத்தார். மிச்சத்தை நான் தனியாக ஆடினேன்.

இப்போது வேறு மேனேஜர். அவர் என்னிடம் எந்தத் தாளையும் நீட்டுவதில்லை. கடைசிக் கட்டத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. பார்த்தவர்கள், அங்கே ஓயாமல் குனிந்து நிமிர வேண்டும், உங்களால் முடியாது என்கிறார்கள். தடிக்குப் புது ரப்பர் போட்டிருக்கிறேன். சனிக்கிழமை மத்தியானம் கூட்டம் குறைவாக இருக்கும்போது போய் நிற்கிறேன். திரையில் கதவு திறக்கிறது. வருவது யார் என்று பார்க்கிறேன்.