திரை உடைந்த லேப்டாப்பும் பாய் கடை மானிட்டரும்

நான் எம்.சி.ஏ. கடைசி வருடம் படித்தபோது, ஆயுத பூஜையன்று என் லேப்டாப்பின் திரை உடைந்தது. உடைத்தவர் என் நைனா. மரியாதை செய்யப்போய் உடைத்தார்.

நைனா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் ஃபிட்டர். அலுவலகத்தில் பழைய லேப்டாப்களைக் கழித்தபோது மேனேஜரிடம் சொல்லி வைத்து எனக்கு ஒன்று வாங்கி வந்தார். தடிமனான கறுப்பு லேப்டாப். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கவரைப்பேட்டையில் எங்கள் தெருவில் லேப்டாப் வைத்திருந்த முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது.

ஒவ்வொரு வருடமும் நைனா தன் சொந்த ஸ்பேனர்களை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, சாமி படத்துக்கு முன்னால் ஒரு மனைப்பலகையில் அடுக்குவார். என் புத்தகங்கள் ஓரமாக இருக்கும். அந்த வருடம் லேப்டாப்பையும் பூஜைக்குக் கேட்டார். கொடுத்துவிட்டுப் பூ வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்து முடித்திருந்தார். நடுவில் சிவப்புத் துணி போர்த்திய மேடை. அதன்மேல் ஸ்பேனர்கள், பைப் ரெஞ்சு, பெரிய சுத்தியல். மனைப்பலகை சுவரோரமாகச் சாய்ந்திருந்தது.

“நைனா, லேப்டாப் மேலயா இதெல்லாம் வெச்ச?”

“பின்ன? கட்டைய வுட அது ஒசத்தி இல்லயா? உன் சாமானும் என் சாமானும் ஒண்ணா இருக்கட்டுமே.”

சுத்தியலை எடுக்கக் கையை நீட்டினேன். அம்மா தட்டிவிட்டார். “பொட்டு வெச்சாச்சி. நாளிக்கி சூடம் காட்னாதான் எடுக்கணும். படிச்ச பொண்ணு, உனுக்கு இதுகூடவா தெரியாது?”

எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். பொட்டு வைத்துவிட்டால் அந்தப் பொருளுக்கு ஒருநாள் ஓய்வு. மறுநாள் விஜயதசமி காலையில் மறுபூஜை செய்த பிறகே கையில் எடுக்க வேண்டும். நைனா கம்பெனியில் கிரேனுக்கே அப்படித்தான்.

மறுநாள் காலையில் அம்மா சூடம் காட்டியதும் லேப்டாப்பைத் திறந்தேன். மூடியில் ஒரு சின்னப் பள்ளம். உள்ளே திரையின் நடுவிலிருந்து விரிசல்கள் கிளை பிரிந்து ஓடின. பவர் பட்டனை அழுத்தினேன். ஒரு பாதி மை கொட்டியதுபோல் கறுத்தது. மறுபாதியில் வெள்ளைக் கோடுகள். ஓர் எழுத்தும் தெரியவில்லை.

அடுத்த நாள் கல்லூரியில் பிராஜெக்ட் ரிவ்யூ. ஆலை ஸ்டோர்ஸில் உதிரிபாகங்களின் இருப்பைப் பார்க்க ஒரு சாஃப்ட்வேர் செய்திருந்தேன். பென் டிரைவில் இருந்தது அதன் பழைய, அரைகுறை வடிவம். முழுசாக முடித்தது லேப்டாப்பில் மட்டுமே இருந்தது. அது கையில் இல்லாமல் போனால் ரிவ்யூவில் உட்கார முடியாது.

நைனா எட்டிப் பார்த்தார். “செத்துப்பூட்சா?”

அப்போதுதான் விண்டோஸ் தொடங்கும் ஓசை கேட்டது. உள்ளிருந்த விசிறியும் சுற்றிக்கொண்டிருந்தது.

“சாவல. மூஞ்சிதான் போச்சி. வேற மானிட்டர் கெடச்சா போதும்.”

தெருவில் யார் வீட்டிலும் கம்ப்யூட்டர் கிடையாது. கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. நடத்தியவர் பழவேற்காட்டுக்காரர். எல்லோருக்கும் பாய், நைனாவுக்கு நல்ல பழக்கம். நைனா வேட்டியை மாற்றி பேன்ட் போட்டுக்கொண்டார். நான் லேப்டாப்பைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். ரயிலில் ஒரே ஸ்டேஷன்தான்.

கடை பாதி ஷட்டரில் இருந்தது. உள்ளே வரிசையாகப் பெட்டிபோன்ற பழைய மானிட்டர்கள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனப் பொட்டு, செவ்வந்திச் சரம். பாய் கணக்கு மேசையில் அமர்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“லேப்டாப் மேல சுத்தியா?” பாய் நைனாவைப் பார்த்தார். “நல்லவேள, உன் கம்பெனி கிரேன எடுத்தாந்து வெக்கல.”

“சும்மா இரு பாய். நானே பேஜார்ல கீறேன்.”

“மானிட்டர் தர்றதுக்கு ஒண்ணும் இல்லம்மா. ஆனா பூஜ போட்டது என் கடைல வேல செய்ற பொண்ணு. மறுபூஜ பண்ணாம எதுலயும் கைய வெக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கு. மத்தியானம்தான் வரும்.”

“பாய், கட உன்னுது. நீ சொன்னா ஆவாதா?” என்றார் நைனா.

“கட என்னுதுதான். வருசம் பூரா அதக் கூட்டிப் பெருக்கி ஓட்றது அந்தப் பொண்ணு. அது வெச்ச பொட்ட நான் மீறினா நல்லாவா இருக்கும்? ஒண்ணு செய். நீயே பண்ணிடு. அதுங்கிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

நைனா எதிர்க்கடையில் தேங்காயும் சூடமும் வாங்கி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு மானிட்டர் விடாமல் சூடம் காட்டினார். பாய் விசிறியை நிறுத்திவிட்டு, எழுந்து நின்றார். வாசலில் தேங்காய் உடைந்ததும், “இப்ப எடும்மா” என்றார்.

ஓரத்திலிருந்த மானிட்டரின் கேபிளை அதன் சிபியூவிலிருந்து கழற்றினேன். நீல முனை, இரண்டு பக்கமும் திருகு. லேப்டாப்பின் பின்பக்கத் துளையில் செருகி முடுக்கினேன். லேப்டாப்பை ஆன் செய்தேன். ஓசை வந்தது, படம் வரவில்லை. சிக்னல் இல்லை என்று மானிட்டர் காட்டியது.

கீபோர்டில் திரைப் படம் போட்ட ஒரு பட்டன் உண்டு. எஃப்என் பட்டனோடு சேர்த்து அதை அழுத்தினால் படம் வெளித் திரைக்குப் போகும். அழுத்தினேன். இருட்டு. மறுபடி அழுத்தினேன், மறுபடியும். மானிட்டர் ஒருமுறை பளிச்சென்று மின்னி அணைந்தது.

“வந்துச்சி, நீ தொரத்திட்ட” என்றார் பாய்.

அது சரிதான். அழுத்த அழுத்தப் படம் லேப்டாப்புக்கும் மானிட்டருக்குமாக மாறிக்கொண்டே இருக்கும். பழைய மானிட்டர் விழித்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் எடுக்கும். அதற்குள் நான் அடுத்த தட்டுத் தட்டியிருந்தேன். இந்த முறை ஒரே ஒரு தடவை அழுத்திவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். மூவரும் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தோம். மானிட்டருக்குள் ‘டொக்’ என்று ஒரு சத்தம். பிறகு மெதுவாக என் டெஸ்க்டாப் முழுசாக வந்தது.

முதலில் பென் டிரைவில் ஏற்றினேன். பிறகு பாயிடம் ஒரு சி.டி. வாங்கி அதிலும் எழுதினேன். காப்பி சரியாக ஏறியதா என்று பார்க்க, பென் டிரைவிலிருந்தே சாஃப்ட்வேரைப் பாயின் கம்ப்யூட்டர் ஒன்றில் ஓடவிட்டேன். திரையில் பேரிங், வால்வு, நட்டு, போல்ட்டுப் படங்கள் வரிசையாக வந்தன. பெயரைப் படிக்கத் தெரியாதவர்களும் படத்தை அழுத்தி இருப்பைப் பார்க்கலாம். அது என் யோசனை.

நைனா குனிந்து பார்த்தார். வீட்டில் நான் லேப்டாப்பில் என்ன செய்கிறேன் என்று அவர் கேட்டதே இல்லை.

“இது பேரிங்குதான?”

“ஆமா. எத்தினி கீதுன்னு பாக்கணும்னா அது மேல அழுத்து.”

மவுஸைப் பிடித்தார். அம்பு திரைக்கு வெளியே ஓடி ஒளிந்துகொண்டது. கையைப் பிடித்துக் கொண்டுவந்து வைத்தேன். அழுத்தினார். எண் வந்தது. “மூணா? ஆர்டர் போடச் சொல்லு” என்றார். பாய் சிரித்துவிட்டார்.

மறுநாள் ரிவ்யூவில் கல்லூரி கம்ப்யூட்டரில் அதை ஓட்டிக் காட்டினேன். பெயர் எழுதினால் போதாதா, படம் எதற்கு என்று வெளியிலிருந்து வந்த பேராசிரியர் கேட்டார்.

“படிக்கத் தெரியாதவங்களும் ஸ்டோர்ஸுக்கு வருவாங்க சார். எங்க அப்பாவே அப்படித்தான். நேத்து அவர் இதை ஓட்டிப் பார்த்தார்.”

அவர் தலையாட்டி, மவுஸைத் தன் பக்கம் இழுத்து இன்னும் சில படங்களை அழுத்திப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் நைனா ஷிஃப்ட் முடிந்து வந்து வாசலிலேயே கேட்டார், “இன்னா ஆச்சி?”

“பாஸு.”

“டீய வெச்சிட்டு வாடி,” என்று அம்மாவுக்குக் குரல் கொடுத்தார். “உன் பொண்ணு இன்னா சொல்றான்னு வந்து கேளு.”