மழையில் கேட்ட "டூ"

தகரக் கூரையின்மேல் மழை விழத் தொடங்கினால் எங்கள் ஏழாம் வகுப்பில் பாதிப் பாடம் தண்ணீரோடு போய்விடும். ஈரப் பாவாடையும் சுண்ணாம்புச் சுவரும் கலந்த வாசனையில், டீச்சரின் வாய் அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டு கனவில் இருப்பதுபோல் உட்கார்ந்திருப்போம்.

திண்டிவனத்தில் எனக்கு இருந்த ஒரே சிநேகிதி எதிர்வீட்டுக் கலா. பேசக் கூச்சப்படும் எனக்கு அவள்தான் வாய்.

அன்று இருவரை ஒப்பிட்டுச் சொல்லும் இங்கிலீஷ் பாடம். 'என்னைவிட அவள் வேகமாக ஓடுகிறாள்' என்பதை இங்கிலீஷில் சொன்னால் கடைசியில் மறுபடியும் 'ஓடு' வரக் கூடாதாம். ஓடு, பாடு, எழுது எதுவானாலும் அதன் இடத்தில் 'டூ' என்று ஒரு சின்னச் சொல் வந்து நின்றுகொள்ளுமாம். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. மழை இரைச்சலில் நான் கேட்டது, கலா எழுந்து, என்னைக் கைகாட்டி, என் பெயரில் தொடங்கி, "ஐ டூ" என்று முடித்ததை மட்டுந்தான்.

எங்கள் தெருவில் "டூ" என்றால் சிநேகம் முறிந்தது என்று பொருள். "பழம்" விடும்வரை பேசக் கூடாது. வகுப்பே கேட்க அதைச் சொல்லிவிட்டாளே! ஏனென்று கேட்கத் தைரியமில்லாமல் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்துகொண்டேன். மழைக்காலம் முழுவதும் அவள் எங்கள் வாசலில் வந்து நிற்பதும் நான் உள்ளே போவதுமாக இருந்தது. "ஊமைக் கோவம் ஒடம்புக்கு ஆவாது" என்பார் அம்மா.

பொங்கல் முடிந்ததும் கலாவின் அப்பாவுக்கு விழுப்புரத்தில் வேலை கிடைத்து, சாமான்களை லாரியில் ஏற்றினார்கள். அவள் நேரே எங்கள் சமையலறைக்குள் வந்துவிட்டாள்.

"ஊரவுட்டே போறேன்டி. இன்னாதான் கோவம்?"

"நீதான டூ வுட்ட. கிளாஸ்ல, எல்லார் முன்னாடியும்."

சற்று யோசித்தவள், சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அது இங்கிலீசு டூடி, பேஜாரு புடிச்சவளே. என்னவிட நீ நல்லா ஓடுவன்னு சொன்னேன்."

"அப்ப பழமா?"

"நான் எப்ப டூ வுட்டேன், பழம் வுட?"

வெளியே அவள் அப்பா கத்திக்கொண்டிருக்க, ஒரு மழைக்காலத்துப் பேச்சையெல்லாம் லாரி கிளம்புவதற்குள் பேசித் தீர்க்கப் பார்த்தோம்.

இப்போது எங்கள் தெருப் பிள்ளைகள் யாரும் "டூ" விடுவதில்லை. பிடிக்காதவர் பெயரைப் போனிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். விழுப்புரம் பேருந்து நிலையத்தில் இறங்கும்போதெல்லாம் என் வயதுப் பெண்களின் முகங்களைப் பார்த்தபடி மெதுவாகத்தான் நடக்கிறேன். அவ்வளவு பேசியும், விழுப்புரத்தில் எந்தத் தெரு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. சொல்ல அவளுக்கும் தோன்றவில்லை.