பூனை பார்த்துப் பிடித்த இடம்

உங்களுக்கு வேறு வேலையே இல்லையா? ஒரு கிழவி மகனோடும் மருமகளோடும் கடலோரக் கூடாரத்தில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வந்தால், எந்த இடம், ஏன் அந்த இடம், யார் பார்த்துப் பிடித்தது என்று துருவித் துருவிக் கேட்க வேண்டுமா? அவரவர் வீட்டுத் துணி மொட்டை மாடியில் காய்கிறது, போய் மடித்து வையுங்கள். போக மாட்டீர்களா? சரி, உட்காருங்கள். என் மகனிடம் மட்டும் சொல்லக்கூடாது. சொன்னாலும் நம்பமாட்டான். அந்த இடத்தைக் கண்டுபிடித்தது தான்தான் என்று இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

நாங்கள் தூத்துக்குடிக்காரர்கள். இப்போது இருப்பது புனேயில், கோந்த்வாவில், ஆறாவது மாடி. மகனுக்குக் கம்ப்யூட்டர் வேலை. மருமகள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். குளச்சல் பக்கத்துப் பெண். பேத்தி பெங்களூரில் படிக்கிறாள். எங்களோடு எங்கே வருவதென்றாலும் அவளுக்குப் பரீட்சை வந்துவிடும்.

நான் இங்கே வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமை தோறும் மீன் உண்டு. ஐஸில் கிடந்த மீன்தான். கடலை விட்டுக் கிளம்பி எத்தனை நாளாயிற்று என்று அதற்கே மறந்திருக்கும். இருந்தாலும் மீன். பிறகு மகன், பத்து நாள் வாய் திறக்காமல் உட்காரும் தியான வகுப்பு ஒன்றுக்குப் போனான். போகும்போது மீன் தின்கிறவனாகப் போனான். வரும்போது மீனுக்காக வருத்தப்படுகிறவனாக வந்தான். வருத்தப்படுகிறவன் தன் தட்டோடு நிறுத்தியிருக்கலாம். வீட்டுக்கே நிறுத்திவிட்டான்.

"அதுவும் ஒரு உயிருதானம்மா."

"கீரையும் உயிருதாம்லே. அது கத்தாது, அதனால உனக்குத் தெரியல."

"மீனும் கத்தாதும்மா."

"பெறகு என்ன?"

இப்படிப் பேச்சில் நான்தான் ஜெயிப்பேன். தட்டில் கத்தரிக்காய்தான் விழும்.

இதற்கு நடுவில் பல் டாக்டர் என் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார். மிச்சமிருந்தது பதினொரு பல். பதினொன்றும் ஆடுகிறது, எல்லாவற்றையும் எடுத்துவிட்டு செட் வைத்துவிடலாம் என்றார். செட் வைத்தால் முள் மீனைக் கடிக்கலாமா என்று கேட்டேன். மகன் அதை ஹிந்தியில் கேட்காமல், வேறு எதையோ கேட்டான். டாக்டர் தலையை ஆட்டிய ஆட்டலே எனக்குப் போதும். அன்றைக்கே முடிவு பண்ணினேன். பல் போவதற்குள், அன்றைக்குப் பிடித்த சாளை மீனை மொறுமொறுவென்று பொரித்து, தலையோடு, முள்ளோடு, என் சொந்தப் பல்லால் ஒரு முறை கடித்துவிட வேண்டும். பதினொரு பேருக்கும் ஒரு பிரிவு உபசாரம் வேண்டாமா?

அந்த வாரம்தான் மகன் சொன்னான், டிசம்பர் லீவுக்குக் கொங்கண் போய் டென்ட்டில் தங்கலாம் என்று. மலைக்கு அந்தப் பக்கம், காடு இறங்கி வந்து கடலில் கால் நனைக்கிற ஊர்கள். எனக்கு டென்ட் எதற்கு? ஆனால் கடல் என்றதும் வாயில் தண்ணீர் ஊறியது.

மகன் எதையும் சும்மா தேர்ந்தெடுக்கமாட்டான். குக்கர் வாங்கவே மூன்று வாரம் ஆராய்ச்சி செய்தவன். டிவியில் லேப்டாப்பை மாட்டி, எக்ஸெல்லில் கட்டம் கட்டமாகப் போட்டான். தண்ணீருக்கு எவ்வளவு தூரம், நிழல், கக்கூஸ், போனவர்கள் எழுதிய கருத்து. கடைசிக் கட்டம் 'அம்மா சௌகரியம்'. எழுபத்திரண்டு வயதில் நான் ஒரு கட்டமாகியிருந்தேன்.

மொத்தம் மூன்று இடம். முதலாவது, வெள்ளை வெளேரென்று கூடாரங்கள், மணலிலேயே. காலையில் யோகா, மூன்று வேளையும் சாத்வீகச் சாப்பாடு. மகனின் கண் அதிலேயே ஒட்டிக்கொண்டது. இரண்டாவது, காட்டுக்குள் மரத்தின் மேல் கட்டிய கூடாரம். ஏணியைப் பார்த்ததும் என் முழங்கால் தானாக வலித்தது. அதை அவனே அடித்துவிட்டான். மூன்றாவது, ஒரு ஓடை கடலில் சேரும் இடத்தில், சவுக்குத் தோப்புக்குள், ஒரு குடும்பம் வீட்டுப் பக்கத்திலேயே நடத்துகிற இடம். படமெல்லாம் கோணல். எடுத்தவர் பாதிப் படத்தில் தன் விரலையும் சேர்த்து எடுத்திருந்தார்.

நான் ஐந்தாவதோடு நின்றவள். இங்கிலீஷில் எழுதியதை எனக்குப் படிக்கத் தெரியாது. அதனால் படத்தைத்தான் பார்ப்பேன். மூன்றாவது இடத்தில், சமையல்கட்டுக்குப் பின்னால் ஒரு பூனை. அடுத்த படத்தில் கூடாரத்து நிழலில் ரெண்டு. வாசலில் ஒன்று மல்லாக்கப் படுத்திருந்தது. நாலும் குண்டு. சாதாரணக் குண்டு இல்லை. கழுத்து எங்கே முடிகிறது, உடம்பு எங்கே தொடங்குகிறது என்று தெரியாத குண்டு. பால் ஊற்றி வளர்த்தால் பூனைக்கு இந்த உடம்பு வராது. மூன்று வேளையும் மீன் தலை விழுகிற வீட்டில்தான் வரும்.

முதல் இடத்துப் படங்களை மறுபடி காட்டச் சொன்னேன். இருபது படம் காட்டினான். ஒரு பூனை கிடையாது. பூனை எட்டிப் பார்க்காத சமையல்கட்டில் எனக்கு என்ன வேலை?

"தண்ணி எவ்வளவு தூரம்லே, இந்த முதல் எடத்துல?"

"அதுதான் அழகே. டென்ட்ட விட்டு எறங்குனா தண்ணி."

"கக்கூஸ்?"

படத்தைப் பெரிதாக்கினான், சின்னதாக்கினான். "கொஞ்சம் நடக்கணும்."

"மணல்லயா?"

"ம்."

"நான் மணல்ல நடந்து போய்ச் சேருததுக்குள்ள, போன காரியம் வழியிலயே முடிஞ்சிருமே."

மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "அத்தை சொல்றது சரிதாங்க. மூணாவதுல பாருங்க, கக்கூஸ் பின்னாலயே இருக்கு. எவ்வளவு வசதி!" அவள் பார்த்துக்கொண்டிருந்தது கக்கூஸை இல்லை. குளச்சல்காரிக்கும் பூனை தெரியும்.

மகன் யோசித்தான். முதல் இடத்துக்குப் போட்ட மார்க்கில் கொஞ்சம் குறைத்தான். 'அம்மா சௌகரியம்' கட்டத்தில் மூன்றாவதுக்குப் பத்துக்குப் பத்து போட்டான். கூட்டிப் பார்த்தால் அரை மார்க்கில் மூன்றாவது ஜெயித்திருந்தது.

"நான் சொல்லலம்மா, டேட்டா சொல்லுது," என்றான், பெரிய மனது பண்ணி.

"டேட்டா சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றேன்.

பால்கனிக்குப் போய் அந்த இடத்து வீட்டுக்காரியிடம் போனில் ஹிந்தியில் ரொம்ப நேரம் பேசினான். திரும்பி வந்து, "எல்லாம் சொல்லிட்டேன்," என்றான். என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. ஜெயித்த மயக்கம்.

மலைப்பாதையில் சுற்றிச் சுற்றி இறங்கி, மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். சும்மா சொல்லக்கூடாது, இடம் நல்ல இடம். பின்னால் மலை முழுக்கக் காடு, முன்னால் சவுக்கு, இருபது அடியில் ஓடை, அதற்கப்பால் கடல். நாலு பூனையும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றும் கிட்டே வரவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

வீட்டுக்காரிக்கு நாற்பது வயதிருக்கும். கை முழுக்க மாவோடு ஓடி வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். எனக்குத் தெரிந்த மராத்தி காய்கறிக்காரியிடம் கற்றது. பேரம் பேசவும் கோபப்படவும் போதும். அவள் சொன்னது அதற்குள் அடங்கியது. ஆஜி என்றால் பாட்டி, உபவாஸ் என்றால் விரதம்.

"வாங்க ஆஜி! உங்க உபவாஸ் பத்தி மகன் போன்ல சொன்னாரு. மீன் வாசம் பட்டாலே மயக்கம் போட்டுருவீங்களாமே? கவலையே வேண்டாம். காலையில வந்த மீனப் பூரா தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிட்டேன். சட்டி கூடப் புதுசு."

பூனைகள் பார்த்த பார்வையின் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. மகனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடலை அத்தனை அக்கறையாக யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

கூடாரத்துக்குப் பின்னால் வைத்து அவனைப் பிடித்தேன்.

"எனக்கு என்ன விரதம்லே?"

"இல்லம்மா... வெஜ்னு மட்டும் சொன்னா ஒரே சட்டியில போட்டுருவாங்க. அம்மாவுக்கு விரதம்னா மரியாதையா தனியாச் செய்வாங்க."

"எந்தச் சாமிக்கு?"

"அத அவங்க கேக்கல."

மத்தியானம் உருளைக்கிழங்கு. ராத்திரிக்கும் உருளைக்கிழங்கு, வேறு வடிவத்தில். கூடவே தேங்காய்ப்பாலில் புளிப்புப் போட்ட சோல்கடி. அது நன்றாகத்தான் இருந்தது, மீன் சோற்றுக்குப் பிறகு குடித்தால் இன்னும் நன்றாக இருக்கும். பக்கத்துக் கூடாரத்துக் குடும்பமும் என் விரதத்தால் உருளைக்கிழங்கே தின்றது. என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் தின்றார்கள். அந்தக் கும்பிடில் பக்தி இல்லை.

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். பெற்ற மகனை ஊரார் முன்னால் பொய்யன் ஆக்க முடியுமா? முடியும். ஆனால் சண்டைதான் கிடைக்கும், மீன் கிடைக்காது. மறுநாள் மத்தியானம் புனேக்குக் கிளம்ப வேண்டும். புதன்கிழமை பல் டாக்டர். எனக்கு இருந்தது ஒரே ஒரு காலைப்பொழுது.

விடிந்ததும் மகன் ஓடைக் கரையில் பாய் விரித்துக் கண்ணை மூடி உட்கார்ந்தான். உட்கார்ந்தால் ஒரு மணி நேரம். நான் மெல்ல சமையல்கட்டுக்குப் போனேன்.

"விரதம் முடிஞ்சிருச்சு," என்றேன் வீட்டுக்காரியிடம், எனக்குத் தெரிந்த மராத்தியில்.

"எப்ப ஆஜி?"

"இப்பத்தான். சூரியன் வந்ததும்."

"நல்லது, நல்லது. என்ன குடுக்கட்டும்? பாலா, பழமா?"

"எங்க ஊர் விரதத்த மீன்லதான் முடிக்கணும். சாளை. இந்த நீளம். பொரிச்சது. தலைய வெட்டக்கூடாது, சாமிக்கு ஆகாது."

அவள் என்னைப் பார்த்தாள். கரையில் உட்கார்ந்திருந்த மகனைப் பார்த்தாள். திரும்பவும் என்னைப் பார்த்தாள். "எந்தச் சாமி ஆஜி?"

"நேத்து கேக்காதத இன்னைக்கு ஏன் கேக்க?"

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பில் மணைப்பலகையில் உட்கார்ந்தே விட்டாள். பிறகு எழுந்து பின்வாசலில் நின்று ஒரு சத்தம் கொடுத்தாள். தங்கை வீடு நாலாவது வீடு. கொஞ்ச நேரத்தில் ஒரு கூடை சாளை வந்தது, விடியற்காலை வலையில் விழுந்தது. மீனின் கண் கண்ணாடி மாதிரி இருந்தது. மஞ்சள், மிளகாய்ப்பொடி, புளி தடவி, அரிசி மாவில் புரட்டி எண்ணெயில் போட்டாள். அந்தச் சத்தத்தைக் கேட்டே ரெண்டு வருஷம் ஆகியிருந்தது.

மருமகள் வாசலில் நின்றாள். "அத்தை, டீ கெடைக்குமான்னு..."

"டீ இல்லட்டி. உக்காரு."

உட்கார்ந்தாள். ஏன், எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்ல பெண்.

முதல் மீனைத் தலைப் பக்கமாகக் கடித்தேன். பதினொரு பல்லும் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு வேலைக்கு வந்தன. ஆடுகிற பல்லுக்குக் கூட அன்றைக்குப் பிடிமானம் வந்துவிட்டது. மொறுக்கென்ற சத்தம் என் காதுக்குள்ளேயே கேட்டது. நாலாவது மீனில் இருக்கும்போது தட்டில் நிழல் விழுந்தது.

"அம்மா!"

நான் வாய் திறப்பதற்குள் வீட்டுக்காரி அவனை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டு முந்திக்கொண்டாள். "வாங்க பாவு! ஆஜி விரதம் முடிக்கிறாங்க. பெத்த மகன் பரிமாற வேண்டாமா?" என்று மீன் தட்டை அவன் கையில் கொடுத்துவிட்டாள்.

விரதமே கிடையாது என்று அவன் சொல்லலாம். சொன்னால் போனில் சொன்னது என்ன ஆகும்? வாயைத் திறந்தான், மூடினான். பத்து நாள் வகுப்பு அன்றைக்குத்தான் பிரயோஜனப்பட்டது. கீழே உட்கார்ந்தான். ஒரு மீனை எடுத்து முள்ளை உருவத் தொடங்கினான்.

"எடுக்காதலே. முள்ளுக்குத்தான் வந்ததே."

"வந்ததேன்னா?"

"விரதத்தச் சொல்லுதேன்."

அவன் மருமகளைப் பார்த்தான். அவள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கொஞ்ச நேரம் நான் கடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"டாக்டர் என்னைக்கு வரச் சொன்னாரு?"

"புதன்."

 இருந்ததிலேயே பெரிய சாளையாகப் பார்த்து, தலையோடு, முள்ளோடு என் தட்டில் வைத்தான். அப்புறம் இன்னொன்று. தட்டு காலியானதும் கை கழுவ ஓடைக்குப் போனான். போய்ச் சேருவதற்குள்ளேயே விரல் சுத்தமாகிவிட்டது என்கிறாள் மருமகள். நான் பார்க்கவில்லை. நான் மும்முரமாக இருந்தேன்.

ஊர் திரும்பியதும் கீழே பெஞ்சில் உட்காருகிற, எல்லோரும் காக்கு என்று கூப்பிடுகிற மராத்திக்காரியும், ரெண்டாவது மாடி பஞ்சாபிக்காரியும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். எப்படி அப்படி ஒரு இடம் கிடைத்தது என்று கேட்டார்கள். தண்ணீர், நிழல், கக்கூஸ் எல்லாவற்றுக்கும் மார்க் போட்டு என் மகன் கண்டுபிடித்தது, போக வேண்டுமென்றால் அவனையே கேளுங்கள் என்றேன். இப்போது லிஃப்டில் அவனை நிறுத்தி நிறுத்திக் கேட்கிறார்கள். அவனும் எல்லோருக்கும் அந்த எக்ஸெல்லை அனுப்பிக்கொண்டிருக்கிறான்.

"சாப்பாடு எப்படி?" என்றாள் காக்கு.

"அந்த உருளைக்கிழங்குக்காகவே போகலாம்," என்றேன். "மறக்காம, வீட்டுல ஒருத்தருக்கு விரதம்னு முன்கூட்டியே போன்ல சொல்லிருங்க. ரொம்ப நல்லாக் கவனிப்பாங்க."