லீவரைத் தேடிய கை

தட்டச்சு இயந்திரத்தில் ஒரு வரி முடியப் போகிறது என்பதை மணி ஒன்று சொல்லும். மணி கேட்டதும் இடது கை எழும். இடது ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் லீவரை வலப்பக்கம் தள்ளும். காகிதம் ஒரு வரி மேலே ஏறும். பயிற்சி முற்றியவர்களுக்கு மணிகூடத் தேவையில்லை. கை தானே நேரம் அறிந்து எழுந்துவிடும். என் கை அப்படிப் பழகிய கை. அதனாலேயே எனக்கு வர வேண்டிய வேலை என் தோழிக்குப் போனது.

எண்பதுகளின் நடுப்பகுதி. திருத்தணியில் மலைப்படிக்குப் போகும் தெருவில், பூக்கடை ஒன்றின் மாடியில் இருந்த தட்டச்சுப் பயிலகத்தில் நானும் அவளும் பயிற்றுநர்கள். அங்கேயே படித்து, தமிழ்த் தட்டச்சில் ஹையர் தேர்வு தேறி, அங்கேயே சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தவர்கள். உரிமையாளரை ஊரே மாஸ்டர் என்று அழைத்தது. பேருந்து நிலையத்துக்கு எதிரே இன்னொரு பயிலகம் திறந்தபின் எங்களிடம் மாணவர்கள் குறைந்தார்கள். "ரெண்டு பேரையும் ரொம்ப நாள் வெச்சிக்க முடியாதும்மா" என்று மாஸ்டர் முன்பே சொல்லிவிட்டார். ஒளிவுமறைவு இல்லாத மனிதர்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். சென்னையில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் வேலை. எந்த மேசையானாலும் சரி, செய்தி கடந்துபோகும் அறையில் இருக்க வேண்டும். வீட்டில் இதைச் சொன்னதில்லை. சொன்னது அவளிடம் மட்டும். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு நான் பேசுவேன், அவள் கேட்பாள். "எடிட்டரம்மா, கொஞ்சம் ஊறுகாய் தள்ளு" என்பாள்.

அந்த நேரத்தில்தான் மாஸ்டர் ஒரு செய்தி கொண்டுவந்தார். சென்னைப் பத்திரிகை ஒன்று ஈய எழுத்துகளைக் கைவிட்டுக் கம்ப்யூட்டருக்கு மாறப் போகிறது. அதற்குத் தமிழ் இயந்திரம் செய்யும் கம்பெனி, அதைத் தட்டச்சர்களிடம் கொடுத்துப் பார்க்க விரும்புகிறது. கம்ப்யூட்டரைக் கண்ணாலும் பார்த்திராத தட்டச்சர்கள் வேண்டுமாம். அதனால் எங்கள் பயிலகத்துக்கு வருகிறார்கள். பத்திரிகைக்கு ஆள் எடுப்பது தனி. அதற்குத் தேர்வு பின்னால் நடக்கும். உதவியவர்களை அதற்குக் கட்டாயம் கூப்பிடுவார்கள்.

அன்று நான் சாப்பிடவில்லை. அவள் என் டப்பாவையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டுச் சிரித்தாள்.

அடுத்த வாரம் அவள் தட்டச்சு செய்யும் விதம் மாறியிருந்தது. வரி முடிந்ததும் இடது கை மேசையிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, வலது கையைக் குறுக்கே நீட்டி லீவரைத் தள்ளினாள். அசிங்கமான அசைவு. மாணவர் யாராவது அப்படிச் செய்தால் அவளே திட்டுவாள்.

"இன்னாடி இது?" என்றேன்.

"மணிக்கட்டு புடிச்சிகினு இருக்குது. தூக்க முடியல."

மறுநாள் வீட்டிலிருந்து தைலம் கொண்டுபோய் நானே தேய்த்துவிட்டேன். "அப்பா, நல்லா இருக்குதுடி" என்றாள்.

பொறியாளர் கம்பெனிக் காரில் வந்தார். இயந்திரத்தையும், மின்சாரம் ஏறி இறங்காமல் இருக்க ஒரு கனத்த ஸ்டெபிலைசரையும் மாடிக்கு ஏற்றினார்கள். பொறியாளருக்கு முப்பது வயது இருக்கலாம். மென்மையாகப் பேசினார். அவர் சொன்ன முதல் வாக்கியம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"சோதனை உங்களுக்கு இல்லீங்க. மெஷினுக்கு. நீங்க தப்பு பண்ணீங்கன்னா அது நாங்க பண்ண தப்பு."

அதுவரை எந்த இயந்திரத்தைப் பற்றியும் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. ரிப்பன் சிக்கினால் எங்கள் தப்பு. எழுத்துகள் ஒன்றோடொன்று மோதி நின்றால் எங்கள் தப்பு. இயந்திரம் மனிதருக்காக மாற வேண்டும், மனிதர் இயந்திரத்துக்காக மாறக் கூடாது என்று அவர் தொடர்ந்து சொன்னபோது மாஸ்டர்கூடத் தலையாட்டினார். மனதில் தோன்றுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடிக்கச் சொன்னார். ஒன்றையும் மறைக்காதீர்கள் என்றார்.

அவருடன் இன்னொருவரும் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் தோல்பை. "இவர் நம்ம ஆளுதான், சும்மா பாத்துகினு இருப்பார்" என்று பொறியாளர் அறிமுகப்படுத்தினார். அவர் பின்சுவரோரம் உட்கார்ந்தார்.

முதலில் நான். கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள். கிருத்திகைக்கு விடப்படும் சிறப்புப் பேருந்துகள் பற்றிய ஒரு பழைய செய்தியை அடிக்கக் கொடுத்தார்கள். எழுத்து விழும் வேகம் அழகாக இருந்தது. வரி முடிந்தது. மணி அடிக்கவில்லை. என் இடது கை எழுந்து லீவரைத் தேடியது. லீவர் இல்லை. விரல் எதிலோ பட்டது. திரை கறுப்பானது. அடித்ததெல்லாம் போய்விட்டது.

விசைப்பலகையின் இடது மேல் மூலையில் ஒரு பொத்தான். அழுத்தினால் பக்கம் முழுக்க அழியும். தெரியட்டும் என்று அதற்குச் சிவப்பு வண்ணம் பூசியிருந்தார்கள். தட்டச்சர் விசையைப் பார்ப்பதில்லை, அடிக்க வேண்டிய தாளைத்தான் பார்ப்பார் என்பது வண்ணம் பூசியவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

மறுபடி அடித்தேன். மறுபடி கை எழுந்தது, மறுபடி பக்கம் போனது. ஒவ்வொரு முறையும் நடந்ததைச் சொன்னேன். "வரி முடியுதுன்னு ஒரு சத்தம் வரணும் சார். சத்தம் வரலைன்னா கை பதறுது. இந்தப் பொத்தான் இங்க வேணாம், நாங்க கையைத் தூக்குற இடம் இது. மாத்த முடியாதுன்னா, அழிக்கட்டுமான்னு ஒரு வார்த்தை கேக்கட்டும். அதுவும் முடியாதுன்னா மேல ஒரு மூடியாவது போடுங்க."

பொறியாளர் முகம் மலர்ந்துவிட்டது. "இதுதாங்க, இதுதான் எனக்கு வேணும்! இன்னும் சொல்லுங்க." நானும் சொன்னேன். அவ்வளவு கவனமாக யாரும் நான் பேசியதைக் கேட்டதில்லை. பின்னால் இருந்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார், என்னிடம் அல்ல, மாஸ்டரிடம்.

"இந்தம்மா எத்தன வருஷமா அடிக்கறாங்க?"

அடுத்து அவள் உட்கார்ந்தாள். வரி முடிந்தது. இடது கை அசையவில்லை. இந்த இயந்திரம் தானே அடுத்த வரிக்குப் போய்விடும். அடுத்த வரி. அடுத்தது. பக்கம் நிறைந்தது.

"ஒண்ணும் கஷ்டமா இல்லீங்களா?" என்றார் பொறியாளர். ஏமாற்றம் போல ஒன்று அவர் குரலில் இருந்தது.

"ஆங், இல்லீங்க சார். நல்லா இருக்குது."

பின்னால் இருந்தவர் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மாதம் முடிவதற்குள் மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். பத்திரிகை அவளை எடுத்துக்கொண்டுவிட்டது. நான் தேர்வு எப்போது என்று கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "எனக்கும் அப்படித்தாம்மா சொன்னாங்க" என்றார்.

விட்டுப்போன ஸ்டெபிலைசரை எடுத்துப்போக வந்த பொறியாளரை மாடிப்படியில் நிறுத்திக் கேட்டேன். அவர் பொய் சொல்லவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்தவர் பத்திரிகையின் அச்சுப்பிரிவு மேலாளர்.

"நம்ம ஆளுன்னு சொன்னீங்களே சார்."

"வாங்குறது அவருதானேங்க. வந்து பாக்கறேன்னாரு, வேணாம்னு சொல்ல முடியல. நான் நீங்க சொன்னதைத்தான் முழுசா எழுதினேன். அவரு அதைப் பாக்கவே இல்ல. இந்தம்மா பக்கத்தையெல்லாம் அழிச்சிடும்னாரு."

"தேர்வு?"

"அதான் பாத்துட்டேனேன்னுட்டாரு."

"பொத்தானை மாத்திட்டீங்களா?"

அவர் ஸ்டெபிலைசரை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். "உங்க ஃப்ரெண்டுக்கு ஒரு பிரச்சினையும் வரலையே. ஒருத்தருக்கு வரலன்னா அப்ப மெஷின்ல குறை இல்லன்னு எங்க ஆபீஸ்லயும் சொல்லிட்டாங்க. பொத்தான் அங்கதான் இருக்கும்."

என் பிழைகளைக் கேட்டு வாங்கியவர், அவை எங்கே போய்ச் சேரும் என்பதை அறிந்தே கேட்டிருக்கிறார். இப்படித்தான் அப்போது நினைத்தேன். இப்போதும் வேறுவிதமாக நினைக்கக் காரணம் கிடைக்கவில்லை.

அதுவரை அவள்மேல் எனக்கு வருத்தம் ஏதும் இல்லை. நன்றாக அடித்தாள், வேலை கிடைத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். நெசவுக் குடும்பம், கூடத்தில் தறிச் சத்தம் அன்று மட்டும் நின்றிருந்தது. அவள் நைனா என்று அழைக்கும் அப்பா லட்டு கொடுத்தார். அவள் அக்காவின் கணவர் சென்னையிலிருந்து வந்திருந்தார். ஏதோ எலக்ட்ரிக் கம்பெனியில் வேலை என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். என்னைப் பார்த்ததும் அவர் உரக்கச் சிரித்தார்.

"அட, நீதானா அந்த சிவப்புப் பொத்தான் பொண்ணு? எங்க கம்பெனியில உன் பேச்சுதாம்மா! பக்கம் பக்கமா அழிச்சியாமே?"

"பாவா, சும்மா இரு" என்றாள் அவள்.

"எதுக்கு சும்மா இருக்கணும்? உங்க மாடிக்கு அனுப்புங்க சார்னு சொன்னதே நானு. இவளுக்கு எப்படித் தெரியும் பொத்தான் எங்க இருக்குதுன்னு? பேப்பர் ஆளு வந்து பாப்பான்னு? இடது கை எழுந்துச்சுன்னா ஸ்கேலால போடு போடுன்னு பழக்கச் சொன்னேன். ஒரு வாரம்! கையை மேசையோட ஆணி அடிச்சாப்ல வெச்சிகினு அடிச்சா பாரு!"

வீடே சிரித்தது. லட்டு என் கையிலேயே இருந்தது. தைலத்தின் வாசனை நினைவுக்கு வந்தது.

வாசல்வரை அவள் பின்னாலேயே வந்தாள்.

"உங்கிட்ட சொல்லியிருந்தா என்னாடி ஆயிருக்கும்? ரெண்டு பேரும் ஒரே மாதிரி அடிச்சிருப்போம். அப்ப அவன் யாரை எடுத்துப்பான்? உன்னைத்தான். உன் வேகம் எனக்கு வராது. எங்களுக்கு வேற வழி இல்ல. நான் போனா மாஸ்டர் உன்னை வெச்சிப்பாரு. உனக்கும் வேலை நிக்கும்."

"எனக்கு அந்த வேலை வேணும்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்" என்றாள். அதை மறுக்கவில்லை.

அவள் கணக்குப்படியே நடந்தது. மாஸ்டர் என்னை வைத்துக்கொண்டார். சில ஆண்டுகள் கழித்து, அதே பத்திரிகையில் பிழை திருத்துபவராக எனக்கு இடம் கிடைத்தது. நானே விண்ணப்பித்து, எழுத்துத் தேர்வு எழுதிப் போனேன். அவளுக்கு அப்போது அச்சுக்கோப்புப் பிரிவில் நல்ல பெயர். குளிரூட்டிய அறை, வரிசையாக அதே இயந்திரங்கள், ஒவ்வொன்றின் மூலையிலும் அதே சிவப்புப் பொத்தான். தட்டச்சிலிருந்து வந்த புதிய பெண்கள் எல்லோருடைய கையும் எழுந்தது. பக்கங்கள் போயின. மேலாளர் அவர்களைத் திட்டினார். அவள் அவர்களுக்குப் பாடம் எடுத்தாள்: "லெஃப்ட் ஹேண்டை மேசையிலயே ஒட்டி வெச்சிக்கோ. பழகிடும். எனக்குப் பழகல?" தேவையான அளவுக்கு நாங்கள் பேசிக்கொண்டோம். திருத்தணியிலிருந்து இருவரும் போகும் ரயிலும் வரும் ரயிலும் ஒன்றுதான் என்றாலும்.

ஒரு மாலை, முதல் பக்கத்தின் திருத்தத்தை எடுத்துக்கொண்டு நான் அந்த அறைக்குள் போனபோது மேலாளர் கத்திக்கொண்டிருந்தார். அவள் நின்றுகொண்டிருந்தாள். முன்தினம் இரட்டை வேலை பார்த்த களைப்பு. வரி முடிவில் அவள் இடது கை எழுந்துவிட்டது. அத்தனை ஆண்டு அடக்கிவைத்த கை. முதல் பக்கம் முழுதும் போய்விட்டது.

"மெஷின்ல தப்பு சார்" என்றாள்.

"உனக்கு மட்டும் இத்தன நாளா வராத தப்பா? உன்னைப் பாத்துதானே இதையே வாங்கினோம்! உன் கைதான் கெட்டுப்போச்சு. நாளையிலேர்ந்து மெஷின்ல உக்காராதே. பைண்டிங்குக்குப் போ."

அவள் என்னைப் பார்த்தாள். பின் கையை நீட்டி என்னைக் காட்டினாள்.

"இவளைக் கேளுங்க சார். அந்தப் பொத்தான் அங்க இருக்கக் கூடாதுன்னு அன்னிக்கே சொன்னா. மூடி போடுங்கன்னு சொன்னா. நான் பக்கத்துலதான் இருந்தேன், எல்லாம் கேட்டேன்."

மேலாளர் திரும்பினார். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. "அது நீங்களா?" என்றார்.

நான் ஆமாம் என்றேன். என்ன சொன்னேன், ஏன் சொன்னேன், கை ஏன் அங்கே போகிறது என்பதை அன்று பொறியாளருக்குச் சொன்ன அதே வரிசையில் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. அவர் கடைசிவரை கேட்டார். இரண்டு நாளில் கம்பெனியிலிருந்து ஆள் வந்து பொத்தான்களுக்கு மேல் பிளாஸ்டிக் மூடி போட்டுவிட்டுப் போனான். அவள் தன் இடத்திலேயே இருந்தாள்.

மூடி போட்ட அன்று மாலை, ரயிலில் பெண்கள் பெட்டியின் ஜன்னலருகே எனக்கென்று கைக்குட்டை போட்டு இடம் பிடித்து வைத்திருந்தாள். ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிக் கூப்பிட்டாள். இடது கை.

நான் அடுத்த பெட்டியில் ஏறினேன். அங்கே உட்கார இடமில்லை. பாதி வழிக்கும் மேல், மணவூர் தாண்டும்வரை நின்றுகொண்டே வந்தேன்.