பால் காய்ச்சுக்கு வந்த பூவாத்தாள்

ரிட்டையர் ஆன நாளிலிருந்து ஆறுச்சாமிக்குச் சொந்த ஊரான எருத்தேன்பதி கசந்துவிட்டது. சாணி நாற்றமாம், கொசுவாம். பாலக்காட்டில் நான்காவது மாடியில் ஒரு ஃப்ளாட்டை யாரையும் கேட்காமல் முடித்துவிட்டு வந்து, "வெள்ளிக்கிழமை பால் காச்சறோம் புள்ள. லிஃப்டெல்லாம் இருக்குது" என்றார்.

"ஏனுங்க, மாட்டையும் லிஃப்டுல ஏத்தீருவீங்களா?" என்றாள் மனைவி பூவாத்தாள்.

"மாட்டை வித்துப்போட்டாப் போச்சு."

"என்னையக் கேட்டீங்களா?"

"உன்னைய என்ன கேக்கறது? ஊரையே கூப்பிட்டாச்சு."

ஆயுள் முழுக்க ஆபீஸ் நாற்காலியைத் தேய்த்த மனிதர். கட்டுத்தறிப் பக்கம் ஒரு நாள் எட்டிப் பார்த்ததில்லை. அவருக்கு மாடு விற்க வாய் வேறு! ஊரையே கூப்பிட்டாரல்லவா, ஊரோடு தானும் போவது என்று அவள் முடிவு செய்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை கறவையை முடித்துவிட்டு, பஸ் பிடித்து, விருந்தாளிகளோடு விருந்தாளியாய்ப் போய் இறங்கினாள். வீட்டுக்காரி காய்ச்ச வேண்டிய பாலுக்கு முன்னால் ஆறுச்சாமி தனியாக நின்றார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது.

"வந்து அடுப்பப் பத்த வெய்யி புள்ள" என்று பல்லைக் கடித்தார்.

"ஊட்டுக்காரங்கதானுங்க பத்த வெக்கோணும். நான் விருந்துக்கு வந்த ஒரம்பரைங்க."

அவரே பற்ற வைத்தார். பால் பொங்கி அடுப்பையே அணைத்தது. அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, "பாக்கெட் பாலுங்களா?" என்று மட்டும் கேட்டாள். பந்தியில் சாப்பிட்டாள். சாயங்காலக் கறவைக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்து, மற்றவர்களைப் போலவே ஓர் எவர்சில்வர் குடத்தை அவர் கையில் கொடுத்தாள்.

குடத்தின் கழுத்தில் கடைக்காரன் அவள் பெயரை வெட்டியிருந்தான்: "அன்பளிப்பு: பூவாத்தாள், எருத்தேன்பதி."