ஒரு பெயரை விட்டுவிட்ட ஜெபம்

சபையாரே, கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார். ஆனால் அதைத் தலைநிமிர்ந்து சொல்ல என்னால் முடியவில்லை.

போன வருடம், போர் நடக்கும் கடலில், என் மகன் ஜோயல் வேலை செய்த சரக்குக் கப்பலை ஒரு நீர்மூழ்கிக் கப்பல் தாக்கி மூழ்கடித்தது. அதிலிருந்த இரண்டு தமிழ்ப் பையன்களில் ஒருவன்தான் உயிர்ப்படகில் ஏறியிருக்கிறான், யாரென்று தெரியவில்லை என்றார் அவர்களை வேலைக்கு அனுப்பிய ஏஜென்ட்.

மற்றவன் ஏனாத்தூர் சரவணன், ஜோயலோடு படித்தவன். அவன் அம்மா செல்வி உடனே போன் செய்தாள்.

"அக்கா, கோயிலுக்குப் போய்க்கினு இருக்கேன். உங்க ஜெபத்துல என் புள்ள பேரையும் சொல்லுக்கா."

"சொல்றேம்மா" என்றேன்.

சொல்லவில்லை. சபைச் சகோதரிகள் என் வீட்டில் முழங்கால் போட்டபோது, "ஆண்டவரே, அந்த ஒருவன் என் ஜோயலாக இருக்கட்டும்" என்று கதறினேன். தெரிந்தேதான் கேட்டேன். எல்லோரும் ஆமென் சொன்னார்கள்.

மறுநாள் ஜோயல் பேசினான். "அம்மா, நான்தாம்மா." எனக்குத் தலைகால் புரியவில்லை. 'என் மகனைக் கர்த்தர் கரை சேர்த்தார்' என்று அவன் படத்தோடு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்தேன். பார்த்தவர்களில் செல்வியின் பெயர் இருந்தது. அவளுக்கு அதுவரை யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. பிழைத்த அந்த ஒருவன் தன் மகன் இல்லை என்பதை என் ஸ்தோத்திரத்தைப் படித்துத்தான் அவள் தெரிந்துகொண்டாள்.

அவள் முகத்தைப் பார்க்கப் பலம் தாரும் என்று கேட்டுக்கொண்டே ஏனாத்தூர் போனேன். வாசலில் அவள் நாத்தனார், "ஸ்வீட்டு எடுத்துக்கினு வந்தியாமா?" என்றாள்.

"சும்மா இரு அண்ணி. நீ உள்ள வாக்கா" என்றாள் செல்வி. குங்குமப் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினாள். "ரெண்டு பேர் பேருக்கும் அர்ச்சனை பண்ணேங்க்கா. ஜோயலு நட்சத்திரம் இன்னான்னு அய்யரு கேட்டாரு. எனக்குத் தெரியல. சரவணனோடதையே சொல்லிட்டேன்."

நான் உடைந்துபோனேன். "உன் புள்ள பேரை நான் சொல்லலம்மா."

செல்வி என் கையைப் பிடித்தாள்.

"இப்ப சொல்லுக்கா."

அங்கேயே முழங்கால் போட்டுச் சொன்னேன்.

சரவணன் இன்னும் கிடைக்கவில்லை. ஜோயலுக்காக நன்றி சொல்லும்போதெல்லாம் வெட்கம் வருகிறது. ஆனாலும் அந்த வீட்டுக் கதவை எனக்குத் திறந்தவர் கர்த்தர்தான். அவரை நம்பிக் கேளுங்கள், தருவார். பக்கத்தில் நிற்கும் பிள்ளையையும் சேர்த்துக் கேளுங்கள். இப்போது என் ஜெபத்தில் முதலில் வருவது சரவணன் பெயர்தான்.

அவன் நட்சத்திரம் திருவோணம்.